மாஸ்கோ ஆற்றில் மூன்று முழுக்கு

1912 பிப்ரவரி 7, புதன்கிழமை. தை மாதக் கடைசி வாரம். காலை நாலரைக்கு எழுந்தேன். குறுக்குத்துறைக்கு நடந்துபோய்க் குளித்து, ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் வீடு திரும்பினேன். ஆற்றின் மேல் முழங்கால் உயரத்துக்குப் பனிப்புகை. திருநீறு பூசினேன். ஈர வேட்டியை இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்படி கொடியில் போட்டேன். சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். ஆறரைக்கு இட்லி, நான்கு. ஏழுக்குப் பேனா முள்ளை மாற்றினேன்.

இதுவரை என் நாட்குறிப்பில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதினேன். அந்தப் பக்கத்தின் மீதி காலியாக இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக நாட்குறிப்பு எழுதுகிறவன் பாதியில் விட்ட பக்கம் அது ஒன்றுதான். அன்று நடந்ததை இப்போது எழுதினால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அன்று என் மகளுக்குச் சம்பந்தம் பேச அம்பாசமுத்திரத்திலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் வருவதாக இருந்தது. ஜாதகம் பொருந்தியிருந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். தகப்பனார் முன்சீப் கோர்ட்டில் முப்பது வருஷம் சாட்சிகளின் வாக்குமூலத்தை எழுதி ஓய்வு பெற்றவர். வீடு பார்க்க வருவதாகத்தான் சொல்லியிருந்தார். என்னை விசாரிக்க வருகிறார் என்பது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் வாசல் வரை வந்து திரும்பியிருந்தன. இரண்டும் என்னால்தான். நான் ருசியாவில் வேதத்தில் சேர்ந்துவிட்டேன், அதாவது கிறிஸ்தவனாகிவிட்டேன் என்று டவுன் முழுவதும் பேச்சு. மூன்றாவதும் திரும்பினால் நான்காவது வராது என்று மனைவி சொல்லிவிட்டாள்.

நான் அந்தத் தேசத்துக்குப் போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு தேயிலைக் கிட்டங்கியில் பதினோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். கொழும்புக்குப் போவது எங்கள் ஜில்லாவில் கடல் தாண்டுவதாக மதிப்பில்லை. தூத்துக்குடியில் ஏறிப் படுத்தால் விடிந்ததும் கொழும்பு. பெட்டிகளின் மேல் குறி சரியா, உள்ளே ஈயத்தாள் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுவது என் வேலை. எங்களிடம் தேயிலை வாங்கிவந்த மாஸ்கோ வியாபாரி ஒருவர், தம் ஊரில் பெட்டிகளைத் திறக்கும்போதும் அதே கண் வேண்டும் என்று ஒன்றரை வருஷத்துக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். 1910 ஏப்ரலில் கப்பலேறினேன்.

ஒதேசாத் துறைமுகத்தில் இறங்கி ரயிலில் ஏறினோம். இரண்டு பகல், இரண்டு இரவு வண்டி ஓடியது. ஜன்னலில் ஒரு குன்றுகூட வரவில்லை. பொதிகை மலையைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு அது பெரிய சங்கடம். மலையில்லாவிட்டால் மேற்கு எது என்று ஒருவன் எப்படித் தெரிந்துகொள்வான்? மாஸ்கோவிலிருந்து கிழக்கே இன்னும் ஒன்பது நாள் ரயில் ஓடினாலும் அதே தேசம்தான் என்றார் வியாபாரி. அதை எழுதி, பக்கத்தில் 'கேள்விதான், பார்க்கவில்லை' என்று குறித்துக்கொண்டேன்.

மாஸ்கோவில் ஒரு விதவையின் வீட்டில் எனக்கு அறை. ஜன்னல்கள் இரட்டை. குளிர் தொடங்குமுன் வீட்டுக்காரி இடுக்கெல்லாம் பஞ்சை அடைத்து, மேலே காகிதம் ஒட்டிவிட்டாள். சித்திரை வரைக்கும் திறக்கக் கூடாதாம். இப்படி அடைத்த வீட்டில் என்ன செய்யக் கூடாது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரசீக வியாபாரி ஒருவரிடம் தேடி வாங்கிய அரிசியைப் பொங்கி, ரசத்துக்குப் பெருங்காயமும் ஆறு மிளகாய் வற்றலும் தாளித்தேன். மூன்று மாடியிலிருந்தும் ஆட்கள் இருமிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். தீயணைக்கிறவர்கள் குதிரை வண்டியில் மணியடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களின் தலைவர் கண்ணைத் துடைத்தபடி என் வாணலியைக் குனிந்து பார்த்து, வீட்டுக்காரியிடம் ஏதோ கேட்டார். இவன் இதைச் சாப்பிடுவான் என்று அவள் சாடை காட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

சாப்பாட்டைச் சமாளித்தேன். குளியலைத்தான் சமாளிக்க முடியவில்லை. அங்கே சனிக்கிழமை ஒரு நாள் குளியல். அதுவும் வெந்நீர் ஆவி நிறைந்த அறையில் உட்கார்ந்து, இலைக்கொத்தால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வது. என்னை அடித்தவர் வியாபாரியின் மைத்துனர். முப்பத்தொரு அடி. அழுக்குப் போயிற்று, குளித்ததாகத் தோன்றவில்லை. ஏழு வயதிலிருந்து தினமும் ஆற்றில் முழுகுகிறவன் நான். கொழும்பில்கூட களனி ஆறு இருந்தது. மாஸ்கோவிலும் ஆறு இருந்தது, நவம்பர் எட்டாம் தேதி வரை. அன்று காலை போய்ப் பார்த்தேன். ஆறு நின்றுவிட்டது. மேலே ஒரு நாய் நடந்து அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதன்பின் எழுபத்திரண்டு நாள் ஆற்று முழுக்கு இல்லை. 1911 ஜனவரி 19, வியாழக்கிழமை. அவர்களுக்கு அது ஜனவரி 6. அந்தத் தேசத்தில் தேதி பதின்மூன்று நாள் பிந்தியே நடக்கும். கிட்டங்கிக்குப் போகும் வழியில் ஆற்றின் மேல் பெரிய கூட்டம். ஈர்வாளால் ஐஸைச் சதுரமாக அறுத்தெடுத்து, இறங்க மரப்படியும் வைத்திருந்தார்கள். உள்ளே கறுப்பாகத் தண்ணீர். பொன்னாடை போட்ட பாதிரிமார் பாடிக்கொண்டு சிலுவையைத் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். அதன் பிறகு இரண்டு மூன்று பேர் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள்.

அவர்களுடைய விசேஷம் அது என்பது என் கண்ணில் படத்தான் செய்தது. ஆனால் மனதில் பட்டது வேறு. துறை திறந்திருக்கிறது, படி இருக்கிறது, தை மாதம், நாலு பேர் முழுகுகிறார்கள். எங்கள் ஊர்க்காரன் எவனும் இதைப் பார்த்துவிட்டுக் கிட்டங்கிக்குப் போகமாட்டான். ஓடிப்போய் வேட்டியும் திருநீற்றுச் சம்படமும் எடுத்து வந்தேன். கிழக்கே பார்த்து மூன்று முழுக்குப் போட்டேன்.

மேலே ஏறி வேட்டியைப் பிழியலாம் என்று பார்த்தேன். பிழிகிற நிலையில் அது இல்லை. பலகையாகியிருந்தது. குடுமி காதுக்கு மேல் கொம்புபோல விறைத்து நின்றது. பல் அடித்துக்கொண்டதில் திருநீறு மூன்று கோட்டுக்குப் பதிலாக ஐந்து கோடாக விழுந்தது. கூட்டத்தில் பெண்கள் அழுதார்கள். ஒருவர் தம் ரோமக்கோட்டை எனக்குப் போர்த்தினார். ஒரு பாதிரியார் என் தலையில் தண்ணீர் தெளித்து நெடுநேரம் ஏதோ சொன்னார். ஒரு கிழவி என் கையை முத்தமிட்டு, சம்படத்தில் விரலை விட்டுத் தன் நெற்றியிலும் பூசிக்கொண்டாள். நான் மதம் மாறினேனோ என்னவோ, அந்த அம்மாள் ஒரு காலை நேரத்துக்குச் சைவமாக இருந்தது நிச்சயம். வியாபாரியின் மைத்துனர் படப்பெட்டி வைத்திருந்தார். என்னை நிற்கவைத்து ஒரு படமும் எடுத்தார்.

இவ்வளவையும் அளவோடு, வரிசையோடு மனைவிக்குக் கடிதமாக எழுதினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அவள் தம்பி, என் மச்சான், அதைப் பலசரக்குக் கடையில் உட்கார்ந்து உரக்க வாசித்தான். அவன் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. கேட்டவர்கள் மாற்றினார்கள்.

அந்தப் புதன்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். மச்சான் மாட்டு வண்டியோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது மனைவி என் முன்னால் வந்து நின்றாள்.

"இங்கேருங்க. அவுக கேட்டா ஆமா, இல்ல, அவ்வளவுதான். அளவு சொல்லாதிய. தேதி சொல்லாதிய."

"அத்தானுக்கு அளவு சொல்லாம மூச்சு விட வராதேக்கா," என்றான் மச்சான்.

"நீ வாயத் தொறக்காத. ஒன் வாயாலதான் எல்லாம்."

மாப்பிள்ளையின் தகப்பனார் ஒன்பதே கால் ரயிலில் வந்தார். மெலிந்த மனிதர், காதில் ஒரு பென்சில். கிணறு, அடுக்களை, மாட்டுக்கொட்டில் எல்லாம் பார்த்தார். என் மகள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவளை நன்றாகப் பார்த்து, சிரித்து, பெயரைக் கேட்டார். விஷயத்தை எடுக்கவில்லை. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகுகாலம் என்று சாப்பிட உட்கார்ந்தார். தேங்காய்ப்பால் சொதி இரண்டு முறை வாங்கிக்கொண்டார். ஒன்று நாற்பதுக்குப் பத்தமடைப் பாயில் சம்மணம் போட்டு, வைத்து எழுத ஒரு சாய்வுப் பெட்டியும் வெள்ளைக் காகிதமும் கேட்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

"அந்தக் காயிதத்தக் கொண்டாரும்வே."

மச்சான் எடுத்துக் கொடுத்தான்.

"இது உம்ம கையெழுத்தா?"

"ஆமா அண்ணாச்சி."

"சுய புத்தியோட எழுதுனதா?"

"கை விறைச்சிருந்தது. புத்தி சரியாத்தான் இருந்தது."

"ஜனவரி ஆறுன்னும் போட்டிருக்கீரு, பத்தொம்பதுன்னும் போட்டிருக்கீரு. ஒரு நாளைக்கு எத்தன தேதிவே?"

"அந்த ஊருல ரெண்டு."

பென்சில் ஏதோ எழுதியது. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"ஆத்துல முங்குனீரா?"

"முங்குனேன்."

"எத்தன தரம்?"

"மூணு."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டான்.

"பக்கத்துல பாதிரி நின்னாரா?"

"ஆறு பேரு."

கதவுக்குப் பின்னால் ஒரு செம்பு விழுந்து உருண்டது.

"ஆறு பேரா!"

"நாலு பேரு வயசானவுக. ரெண்டு பேரு..."

உள்ளே பலமாக இருமல் கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

"தலையில தண்ணி தெளிச்சாரா?"

"தெளிச்சாரு. ஆனா அண்ணாச்சி, அதுக்கு முன்னாலயே நான் திருநீறு..."

"பொறும். கேட்டதுக்கு மட்டும் பதில்."

கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. சொதி நன்றாக இருந்தது, பெண்ணும் பிடித்திருந்தது, என்ன செய்ய என்பதுபோல. கடிதத்தை மடிக்கப் போனார். முப்பது வருஷப் பழக்கம் விடவில்லை போலும். வாசிக்காமல் விட்ட முதல் பக்கத்தைக் கடமைக்கு ஒரு தடவை புரட்டினார். பென்சில் ஒரு வரியில் நின்றது.

"'ஆறு இரண்டு முழக் கனத்துக்குக் கல்லாகிவிட்டது.' எந்த ஆறு?"

"மாஸ்கோ ஆறு."

"அதுக்கு மேல வண்டி போச்சுதா?"

"குதிர வண்டி. நான் எண்ணினப்போ ஒரு மணிக்கு நாப்பது."

"பால்காரன் பாலக் கோணியில கொண்டுவந்தானா?"

"கட்டிக் கட்டியா. கேக்குத அளவுக்குக் கோடாலியால வெட்டிக் குடுப்பான்."

அவர் தோள் இலேசாகக் குலுங்கியது. "கேட்டீரா தம்பி," என்று மச்சானைத் திரும்பிப் பார்த்தார். "நானும் ஐஸு பாத்திருக்கேன்வே. மதுரையில, ஒரு கலியாணத்துல. செங்கல் அளவு. மரத்தூளுல பொதிஞ்சு கொண்டாந்தான். பந்திக்கு வாரதுக்குள்ள பாதி தண்ணி. அந்தச் செங்கலுக்கே ஒரு மிஷினு வேணும், அதுக்கு ஒரு இஞ்சின் வேணும். ஆத்துக்கு எவன்வே மிஷினு வச்சான்?"

"மிஷின் இல்ல அண்ணாச்சி. குளிரு."

"குளிரு! ஆனி மாசம் குத்தாலத்துல எனக்குந்தான் குளிருது. அருவி அந்தரத்துல நின்னுருமா?"

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்தைப் பார்த்தான்.

"இங்க பாரும்," என்றார் அவர். முகம் தெளிந்திருந்தது. "சாட்சி ஒரு இடத்துல பொய் கட்டிவிட்டான்னு தெரிஞ்சா, எங்க முன்சீப் மத்ததையும் தூக்கிக் கீழ போட்டுருவாரு. ஆறு கல்லாகலன்னா அதுல அறுத்த ஓட்ட ஏது? ஓட்ட இல்லன்னா நீரு முங்குனது எங்க? முங்கலன்னா பாதிரிக்கு அங்கன என்ன சோலி? காயிதம் பூராவும் தள்ளுபடி. நீரு வேதத்துலயும் சேரல, ஒண்ணுலயும் சேரல. பொண்டாட்டி பயப்படட்டும்னு கத கட்டி அனுப்பியிருக்கீரு. ஆமாவா, இல்லையா?"

ஆமா என்று ஒரு சொல். காலையில் மனைவி எனக்கு அனுமதித்திருந்த இரண்டு சொற்களில் ஒன்று. அதைச் சொன்னால் மகளுக்குக் கலியாணம். எனக்கு அது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. நான் எழுதிய அளவை ஒருவர் பொய் என்கிறார் என்பது மட்டும்தான் தோன்றியது. "ஒரு நிமிஷம் இருங்க அண்ணாச்சி. படம் இருக்கு," என்று வாயெடுத்தவன், 'படம்' என்பதற்குள் மச்சான் என் கால் பெருவிரலை மிதித்ததால், "ஒரு நிமிஷம் இருங்க," என்பதோடு உள்ளே போனேன்.

மனைவி என் தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி."

"மாட்டேன்."

"அதுல படம் இருக்கு. ஆறு கல்லா நிக்கது தெளிவாத் தெரியும்."

"ஒங்களுக்குப் பின்னால பாதிரிமாரு தெரியுதாங்களா?"

நினைத்துப் பார்த்தேன். "தெரியுதாங்க. ஆறு பேரும்."

"அப்போ பைய போயி உக்காருங்க."

"என்னப் பொய்யன்னு சொல்லுதாரு."

"சொல்லட்டும். பொய்யன் வீட்டுல பொண்ணு எடுப்பாங்க."

மகள் கதவோரம் நின்றிருந்தாள். இரண்டு சம்பந்தங்கள் திரும்பியபோதும் என்னிடம் ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொள்ளாதவள். நான் கொழும்பிலும் மாஸ்கோவிலும் இருந்த வருஷங்களில் என் கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கி வைத்தவள் அவள்தான். "அப்பா," என்றாள், "அந்த ஆறு ஓடிட்டுப் போவட்டும்ப்பா."

பெட்டியடியிலிருந்து பாய் வரை ஒன்பது அடி. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"ஆமா அண்ணாச்சி," என்றேன்.

"என்ன ஆமா? முழுசாச் சொல்லும்." பென்சில் தயாராக இருந்தது.

"ஆறு கல்லாகல."

"பின்ன?"

"ஓடிச்சு."

"வண்டி?"

"பாலத்து மேல போச்சு."

"பாலு?"

"ஊத்தித்தான் குடுத்தான்."

"அந்த வேட்டி பலகையாச்சே?"

இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த வேட்டியைச் சுவரில் சாய்த்து வைத்து, அது தானாக மடங்கி விழ எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்த்து எழுதியிருந்தவன் நான். பதினேழு நிமிஷம்.

"பிழிஞ்சேன்," என்றேன்.

"குடுமி?"

"தொங்கிச்சு."

எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதி, எனக்கே வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். தேதி போட மறந்திருந்தார். நான் போட்டேன், ஒன்றே ஒன்று. வாங்கிப் பார்த்துத் திருப்தியோடு மடித்தார்.

அப்புறம் அவர் சிரித்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தாயி, வெத்தல கொண்டாம்மா," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். தாம்பாளத்தை என் மகளிடமிருந்து தாமே கையில் வாங்கிக்கொண்டார். "எம் பெண்டாட்டி ஒண்ணுமே பேசமாட்டா. மவன் அதுக்கு மேல. இப்படி ஒரு புளுகர் சம்பந்தியா வந்தா எங்க வீட்டுல நாலு பேரு சிரிப்பாங்க. நல்ல நாளா பாத்து எழுதும்வே."

சாயங்கால வண்டிக்கு ஏற்றிவிட நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஒரு கிழவி திருநீறு பூசுனான்னு எழுதியிருந்தீரே."

"அதுவும் சும்மாதான் அண்ணாச்சி."

"இருக்கட்டும்வே. அது நல்லா இருந்தது. அத மட்டும் நான் கோடு போட்டு அடிக்கல."

மறுநாள் வியாழக்கிழமை. விடிந்ததும் முதல் வேலையாகப் பஞ்சாங்கம் பார்க்கிறவர் வீட்டுக்குப் போனேன். அவர் அப்போதுதான் வாசல் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"வாரும் ஓய். அந்த ஊர்ல ஆத்து மேல வண்டி போச்சாமே, நெஜமா?"

"அதெல்லாம் சும்மா சாமி," என்றேன். "மாசியில ஒரு முகூர்த்தம் பாத்துச் சொல்லுங்க."